பஸ் போட்டுது, மாஸ்ரர்

போன மாதம் ஒருநாள் பின்னேரம், பள்ளிக்கூடம் விட்ட கையோடை, இளம் மாஸ்ரர் ஒராள் என்ரை படலையைத் திறந்துகொண்டு வந்தார். ஒரு கையிலை தாள், மற்றக் கையிலை மணிக்கூடு. நிமிசத்துக்கு ஒருக்கா அவர் அதைப் பாத்த பார்வையிலை, அவர் மணிக்கூட்டைக் கட்டேல்லை, மணிக்கூடுதான் அவரைக் கட்டி வைச்சிருக்கெண்டு விளங்கிச்சுது.

“ஐயா, எங்கடை ஆசிரியர் மாநாட்டைப் பூநகரியிலை வைக்கிறதெண்டு முடிவாகியிருக்கு. ரண்டு நாள். நான்தான் செயலாளர். நீங்கள் ஊரிலை பழைய ஆள், ஒரு ஆலோசனை கேப்பம் எண்டு வந்தனான். அஞ்சு நிமிசம் போதும்.”

எனக்கு ஒரே புளுகம். இந்த வயசிலை என்னட்டை ஆர் ஆலோசனை கேக்கினம்? மனிசிகூடக் கறிக்கு உப்புப் பாக்கத்தான் கூப்பிடுறவள், அதுவும் தனக்குத் தடிமன் எண்டால். வந்தவரைத் திண்ணையிலை இருத்திப்போட்டு, “எணேய், மாஸ்ரருக்குத் தேத்தண்ணி” எண்டு உள்ளுக்குக் குரல் குடுத்தன். அடுப்பு இன்னும் மூட்டேல்லை எண்டு எனக்குத் தெரியும்.

தாளை வாங்கிப் பாத்தன். முதல்நாள் காலமை எட்டுக்குப் பதிவு. எட்டரைக்கு மங்கல விளக்கேற்றல். பிறகு இறைவணக்கம், வரவேற்பு நடனம், வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, தொடக்கவுரை, வாழ்த்துரை நாலு, சிறப்புரை ரண்டு, முதன்மை விருந்தினர் உரை. உரையெல்லாம் உரிச்சு முடியப் பகல் ஒண்டரையாகும் எண்டு மனக்கணக்குப் போட்டன். மாநாடு அதுக்குப் பிறகுதான் தொடங்குது. “அதெல்லாம் பிரச்சினையில்லை ஐயா, எங்கடை ஆக்களுக்குப் பழக்கம்” எண்டார் மாஸ்ரர். அவர் ஆலோசனை கேக்க வந்தது கடைசி வரிக்கு. அதிலை இப்பிடிக் கிடந்தது: ‘சமூக ஒன்றுகூடலும் விருந்து உலாவும்.’

“தம்பி, சாமி உலா வாறது தெரியும். விருந்து எப்பிடி உலா வரும்?”

“முதல்நாள் பின்னேரம் நாலு மணிக்கு மூண்டு பஸ் பிடிச்சு யாழ்ப்பாணம் போறம் ஐயா. கோட்டை பாத்து, நல்லூரடியிலை ஐஸ்கிறீம் குடிச்சு, ராவைக்கு ஒரு ஹோட்டலிலை பிறைட் றைஸும் டெவில் கோழியும். பிறகு பாலத்தாலை திரும்பி வாறம். அரைவாசிப் பேருக்கு வீடு அங்காலைதான், அவை அங்கையே நிண்டிட்டு அடுத்தநாள் வருவினம்.”

“அப்ப மாநாட்டை ஏன் பூநகரியிலை வைக்கிறியள்?”

“கஸ்டப் பிரதேசத்திலை வைச்சால் நல்லது எண்டு மேலிடத்திலை சொன்னவை.”

தாலி கட்டிறது இஞ்சை, சாப்பாடு அங்கை. இப்பிடி ஒரு கலியாணத்தை நான் காணேல்லை. ஆனால் அந்தத் தம்பியைக் குறை சொல்லி என்ன? கஸ்டப் பிரதேசம் எண்ட சொல்லு கல்விக் கந்தோரிலை முத்திரை குத்தின சொல்லு. பள்ளிக்கூடங்களைக் கஸ்டம், அதிகஸ்டம் எண்டு தரம் பிரிச்சு வைச்சிருக்கினம். எங்கடை பள்ளிக்கூடங்கள் அந்தப் பட்டியலிலை கிடந்து பழகினது. எனக்கொரு சந்தேகம் கனகாலமாய் உண்டு. கஸ்டம் ஆருக்கு? இருக்கிறவைக்கோ, வாறவைக்கோ? நாங்கள் பிறந்ததிலையிருந்து இஞ்சைதான் இருக்கிறம், எங்களுக்கு ஒருதரும் கஸ்டப்படி தரேல்லை.

மாஸ்ரர் சிரிச்சார். சிரிச்சுக்கொண்டு மணிக்கூட்டையும் பாத்தார்.

“இருங்கோ தம்பி, தேத்தண்ணி வருது.”

தேத்தண்ணி வாற நேரத்துக்கு ஒரு பழங்கதை சொன்னன். சங்குப்பிட்டியிலை பாலம் வர முதல் அந்த இடத்திலை பாதை ஓடினது. பாதை எண்டால் றோட்டு எண்டு நினையாதேங்கோ; சாமான், சனம், வாகனம் எல்லாத்தையும் ஏத்திக்கொண்டு கேரதீவுக்கும் சங்குப்பிட்டிக்கும் இடையிலை போய்வாற மிதவை. சண்டைக் காலத்திலை அதுவும் நிண்டுபோச்சு. ஆனையிறவும் பூட்டு, சங்குப்பிட்டியும் பூட்டு. தொண்ணூறுகளின்ரை தொடக்கத்திலை சனம் கிளாலிக் கடலாலை ராவிலை வள்ளத்திலை வந்து நல்லூர்ப் பக்கம் இறங்கினது. எங்கடை பூநகரி நல்லூர். உங்கடை ஐஸ்கிறீம் நல்லூர் இல்லை. அந்தக் கடலிலை எத்தினை பேர் செத்தவை எண்டு இப்ப நான் எடுக்கேல்லை. அதைச் சொன்னால் தேத்தண்ணி இறங்காது.

அந்தக் காலத்திலை ஒரு வாத்தியார் இஞ்சை வந்தால் வந்ததுதான். திரும்பிப் போக வழியில்லை. ஆற்றையேன் வீட்டு விறாந்தையிலை படுப்பார். ஒரு வீட்டிலை காலமைப் புட்டு, இன்னொரு வீட்டிலை மத்தியானச் சோறு. பின்னேரத்திலை சனத்துக்கு மனு எழுதிக் குடுப்பார், காணிக் கடுதாசி வாசிச்சுச் சொல்லுவார், புருசன் பெண்சாதி சண்டைக்கு நீதவானும் அவர்தான். எந்தப் பிள்ளை வீட்டிலை அடுப்பு எரியேல்லை எண்டு அவருக்குத் தெரியும், ஏனெண்டால் அந்த வீட்டிலை அவருக்கும் அண்டைக்குச் சாப்பாடு இல்லை.

2011 ஜனவரி 16 இலை சங்குப்பிட்டிப் பாலம் திறந்தினம். 288 மீற்றர். நல்ல விசயம், நான் பாலத்துக்கு எதிரியில்லை. ஆசுபத்திரிக்குப் போறவனுக்கு அதின்ரை அருமை தெரியும். ஆனால் வாத்திமார் விசயத்திலை அந்தப் பாலம் செய்த வேலை என்னெண்டால், காலமை கொண்டுவந்து இறக்கிப் பின்னேரம் அள்ளிக்கொண்டு போறது. மணி அடிச்ச சத்தம் அடங்க முதல் பஸ் தரிப்பிடத்திலை வரிசை நிக்கும். சில மாஸ்ரர்மார் ஏழெட்டு வருசம் இஞ்சை படிப்பிச்சிட்டு இடமாற்றம் எடுத்துக்கொண்டு போவினம். பிரியாவிடையிலை ‘இந்த மண்ணை மறக்கமாட்டன்’ எண்டு கண் கலங்குவினம். அவைக்குத் தெரிஞ்ச மண், பள்ளிக்கூடப் படலையிலை இருந்து பஸ் நிக்கிற இடம் மட்டும்தான். அதுவும் தார் போட்டாச்சு.

மாஸ்ரர் கொஞ்சம் நெளிஞ்சார். “என்ன செய்யிறது ஐயா, தங்க விடுதி இல்லை. குடிதண்ணி பவுசரிலை வருது. என்ரை பிள்ளை அங்கை நேர்சறி போகுது.” உண்மைதான். நியாயம் இருக்கிற இடத்திலை நையாண்டி செய்யக்கூடாது எண்டு வாயை மூடினன். ஒரு நிமிசம் மூடியிருந்தன் எண்டு நினைக்கிறன்.

பிறகு கேட்டன், “நீங்கள் இஞ்சை எத்தினை வருசம் தம்பி?”

“நாலு வருசம் ஐயா.”

“நாலு வருசத்திலை இந்த ஊரிலை ஆற்றையேன் வீட்டிலை ஒரு வாய் சாப்பிட்டிருக்கிறியளோ?”

மேலைப் பாத்து யோசிச்சார். கணக்கு வாத்தியார், மனக்கணக்கிலை கெட்டிக்காரர். விடை பூச்சியம்.

“ஒருதரும் கூப்பிடேல்லை ஐயா” எண்டார்.

இது எனக்கு விழுந்த அடி. என்ரை பேரன் அவரிட்டைத்தான் படிக்கிறான். நானும் கூப்பிடேல்லைத்தான். அந்த நேரம் பாத்து மனிசி தேத்தண்ணியோடை வந்து என்னைக் காப்பாத்தினாள்.

இனித்தான் என்ரை ஆலோசனை. மாநாட்டுக்கு வரப்போற மற்ற மாஸ்ரர்மார், ரீச்சர்மாரும் கேட்டுக்கொள்ளுங்கோ. செயலாளர் எல்லாத்தையும் எழுதினவரோ தெரியாது, பேனையைவிட மணிக்கூட்டைத்தான் கூடப் பாத்தவர்.

முதல்லை ஒண்டு. மாநாட்டுச் சாப்பாட்டைச் சில்லறை விசயம் எண்டு நினையாதேங்கோ. கனகாலத்துக்கு முதல், வேறொரு ஊரிலை நடந்த பெரிய கல்விக் கூட்டத்துக்குப் பெற்றோர் சார்பிலை நானும் போனனான். ‘பசியும் கற்றலும்’ எண்டு ஒருத்தர் பேசினார். ரண்டேகால் மட்டும் பேசினார். பசி எப்பிடிப் பிள்ளையின்ரை மூளையை மங்கப்பண்ணும் எண்டு அவர் சொல்லச் சொல்ல, எனக்கு அது செய்முறைப் பயிற்சியாய்ப் போச்சு. முடிஞ்சு வெளியாலை வந்தால், முன்வரிசை ஆக்கள் மேல்மாடிக்குப் போச்சினம். அங்கை மேசை விரிப்பு, பீங்கான், மூண்டு கறி, பிறகு வட்டிலப்பம். கீழை எங்களுக்குப் பார்சல். என்ரை பார்சலிலை மீன் எண்டு எழுதியிருந்தது. பிரிச்சுப் பாத்தன், பருப்பு. மீனை மேலை கூப்பிட்டிட்டினமாக்கும். மேசையிலை இருந்தவையும் வாத்திமார்தான், பார்சலோடை மரத்தடியிலை இருந்தவையும் வாத்திமார்தான். ஆர் ஆர் எண்டு தெரிஞ்சுகொள்ள அண்டைக்குப் பெயரட்டை தேவைப்படேல்லை.

இதை ஏன் சொல்லுறன் எண்டால், மாநாட்டுப் பந்தி எண்டது எங்கடை பக்கத்திலை ஒருகாலத்திலை பெரிய பிரளயம். 1924 இலை யாழ்ப்பாணத்திலை மாணவர் காங்கிரஸ் எண்டு ஒண்டு தொடங்கினது. பிறகு வாலிபர் காங்கிரஸ் எண்டு பேர் மாறினது. அதிலை முன்னுக்கு நிண்ட ஹன்டி பேரின்பநாயகம் ஆர்? உங்களைப்போலை ஒரு வாத்தியார். யாழ்ப்பாணக் கல்லூரியிலை படிப்பிச்சவர், பிறகு கொக்குவில் இந்துக் கல்லூரி அதிபர், அகில இலங்கை ஆசிரியர் சங்கத்துக்கும் தலைவராய் இருந்தவர். 1927 நவம்பரிலை காந்தியை யாழ்ப்பாணத்துக்குக் கூப்பிட்டது அந்தக் காங்கிரஸ் ஆக்கள்தான். அவை சுயராச்சியம் கேட்டு வருசா வருசம் மாநாடு வைச்சவை. தீர்மானங்கள் கனக்கப் போட்டவை. ஆனால் ஊரைக் கலக்கினது தீர்மானமில்லை. எல்லாச் சாதியாரும் ஒரே பந்தியிலை இருந்து சாப்பிட்டதுதான். சமபந்தி போசனம். வாயாலை சொன்னதை வாயாலையே செய்து காட்டினது எண்டு வையுங்கோவன்.

அந்தக் காலத்துப் பள்ளிக்கூடத்திலை சில பிள்ளையள் வாங்கிலை, சில பிள்ளையள் நிலத்திலை. எல்லாரையும் ஒரே வாங்கிலை இருத்தவேணும், சமாசனம் வேணும் எண்டு 1929, 30 அளவிலை உத்தரவு வர, சில பள்ளிக்கூடங்களைக் கொளுத்தியும் போட்டினம். படிப்புக்காக நெருப்பு வைக்கேல்லை, இருக்கைக்காக வைச்சவை. இண்டைக்கு மேல்மாடியிலை மேசையும் மரத்தடியிலை பார்சலும் வைக்கிற மாநாட்டுக் குழுவுக்கு இந்தச் சரித்திரம் தெரியாமல் இருக்காது. பாடத்திட்டத்திலை வந்தால் பத்துப் புள்ளிக்குக் கேள்வி போடுவினம்.

மாஸ்ரர் தேத்தண்ணியை ஒரே முடக்கிலை குடிச்சிட்டு எழும்பப் பாத்தார். “பனங்கட்டியைக் கடியுங்கோ தம்பி, சும்மா குடிக்கக்கூடாது.” இருந்தார்.

உலாவுக்கு வாறன். யாழ்ப்பாணக் கோட்டை பெரிசுதான். ஆனால் பூநகரியிலையும் கோட்டை இருக்கு, உங்கடை பஸ் அதுக்குப் பக்கத்தாலைதான் தினமும் போகுது. போத்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் வைச்சிருந்த சின்னக் கோட்டை. நாற்சதுரம், எதிரெதிர் மூலையிலை ரண்டு கொத்தளம். பிறகு வெள்ளைக்காரன் வந்து அதுக்குள்ளை தங்குமடம் வைச்சான். பாருங்கோ, இருநூறு வருசத்துக்கு முதலே வந்த உத்தியோகத்தன் பூநகரியிலை ராத் தங்கியிருக்கிறான், உங்களாலை ஏலாதோ? இண்டைக்கு இடிஞ்ச சுவர்தான் மிச்சம். அரைமணித்தியாலம் காணும். அங்கை ஆரையும் பேசவிடாதேங்கோ. சரித்திர பாட ஆசிரிய ஆலோசகர் ஒராள் கட்டாயம் தொண்டையைச் செருமுவார். செருமின உடனை பஸ்ஸிலை ஏத்துங்கோ.

அங்கையிருந்து கௌதாரிமுனை. நாக்கு நீட்டின மாதிரிக் கடலுக்குள்ளை போற மண். ரண்டு பக்கமும் தண்ணி, நடுவிலை மணல் மேடு. மண்ணித்தலையிலை ஒரு பழைய சிவன்கோயில் நிக்குது, சோழர் காலத்துச் சாயல் எண்டு சொல்லுவினம். செருப்பைக் கழட்டவேணும், அதுக்காகவாவது போங்கோ. சப்பாத்துப் போட்ட வாத்தியாரைவிட வெறுங்காலோடை நிக்கிற வாத்தியாரோடை கதைக்கிறது சுகம். பேராசிரியர் புஷ்பரட்ணம் இந்தப் பக்கமெல்லாம் அலைஞ்சு திரிஞ்சு 1993 இலை ‘பூநகரி தொல்பொருளாய்வு’ எண்டு ஒரு புத்தகமே எழுதினவர். பானை ஓட்டிலை பிராமி எழுத்துக் கிடந்ததெண்டு அதிலை சொல்லியிருக்கிறார். அதைக் கேட்ட நாள் தொடக்கம் என்ரை மனிசி பானை உடைச்சால் ஏசப் பயமாய்க் கிடக்கு. வாற சந்ததிக்கு எண்டு சொல்லிப்போடுவாள்.

கௌதாரிமுனையிலை இன்னொண்டு, கடலட்டை. 2021 இலை சீனக் கொம்பனி ஒண்டு அங்கை பண்ணை போட்டதெண்டு பத்திரிகையெல்லாம் அல்லோலகல்லோலம். ‘உள்ளூர் விசேட உணவு’ எண்டு ஆரும் அதைப் பட்டியலிலை போட்டிடாதேங்கோ. நாங்கள் அதைப் பிடிப்பம், அவிப்பம், காயப்போடுவம், விப்பம். தின்னிறேல்லை. தின்னிறதுக்கு வேறை ஆக்கள் இருக்கினம்.

சாப்பாடு எங்கை எண்டு கேக்கிறியள். கடலோரத்து மணலிலை, பொழுதுபட. என்ன சாப்பாடு? கூழ். மாஸ்ரரின்ரை முகம் போன போக்கைப் பாக்கவேணும். “ஐயா, பணிப்பாளர் எல்லாம் வருவினம், கூழ் குடுக்கிறதே?” எண்டார். அதுதான் தம்பி கூழ். பணிப்பாளர் வருவார் எண்டபடியாத்தான்.

ஒடியற்கூழ் எப்பிடிக் காய்ச்சிறது எண்டு அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லுறன். பனங்கிழங்கை அவியாமல் பச்சையாய்க் கிழிச்சு வெயிலிலை காயப்போட்டால் ஒடியல். அவிச்சுக் காயப்போட்டால் புழுக்கொடியல், அது சப்புறதுக்கு. இந்த வித்தியாசம் தெரியாமல் ஒரு விஞ்ஞான மாஸ்ரர் எங்கடை ஊரிலை பனை பற்றிக் கண்காட்சியே வைச்சவர், போகட்டும். ஒடியலை இடிச்ச மாவைத் தண்ணியிலை ஊறவிட்டு, தெளிஞ்ச தண்ணியை ஊத்தி, திரும்ப விட்டு, திரும்ப ஊத்தவேணும். அந்தக் கயரும் காறலும் போகாமல் அவசரப்பட்டால் மாநாடு ஆசுபத்திரியிலை முடியும். ஒரு பக்கத்திலை கிடாரத்திலை தண்ணி கொதிக்க, ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளிக் கிழங்கு, முறிச்ச பயித்தங்காய். அரை அவியலிலை மீன் தலை, சின்ன மீன், இறால், கால் உடைச்ச நண்டு. பரவைக்கடல் நண்டு, அண்டைக்குப் பிடிச்சது. பிறகு ஒரு கை முருங்கையிலை. செத்தல்மிளகாயை உப்போடையும் மஞ்சளோடையும் அம்மியிலை அரைச்சு, பழப்புளியிலை கரைச்சு, ஊறின மாவையும் அதிலை கலந்து ஊத்தித் துழாவவேணும். கையை எடுக்கக்கூடாது, எடுத்தால் அடிப்பிடிக்கும். கூழ் தடிச்சு, மொத்துமொத்தெண்டு ஒரு சத்தம் வரும். அந்த மணத்துக்கு முன்னாலை எந்தச் சிறப்புரையும் நிக்காது.

குடிக்கிறது பிளாவிலை. வடலி ஓலையை மடிச்சு நுனியை முடிஞ்ச பிளா. கடதாசித் தட்டு வாங்காதேங்கோ. சோளகக் காத்து அடிச்சால் அது கேரதீவுக்குப் போகும். இந்தக் காத்தை நம்பி அதானிக் கொம்பனி பூநகரியிலை காத்தாடி நட வாறன் எண்டு சொல்லி, 2025 பெப்ரவரியிலை வேண்டாம் எண்டிட்டுப் போனது. அவ்வளவு பெரிய கொம்பனிக்கே இருப்புக் கொள்ளேல்லை, உங்கடை கடதாசித் தட்டு எந்த மூலைக்கு?

பிளாவிலை ஒரு வசதி. ரண்டு கையாலையும் பிடிக்கவேணும், கீழை வைக்கேலாது, போனை எடுக்கேலாது, படம் பிடிக்கேலாது. வாய் வைச்சு உறிஞ்சினால் ஆராய் இருந்தாலும் சத்தம் வரும். வலயக் கல்விப் பணிப்பாளருக்கும் மூக்கு ஒழுகும், நேற்று நியமனம் எடுத்த ரீச்சருக்கும் மூக்கு ஒழுகும். மூக்கைத் துடைச்சுக்கொண்டு ஒருதரும் அதிகாரம் பண்ணேலாது. இடமாற்றக் கடிதத்தோடை மாசக்கணக்காய்த் திரியிற ஒரு ரீச்சர், பணிப்பாளருக்கு நண்டுக்கால் உடைச்சுக் குடுத்துக்கொண்டு தன்ரை கதையைச் சொல்லலாம். கந்தோரிலை மூண்டு கதவு தாண்டவேண்டிய கதை.

இருத்திற முறையிலையும் ஒரு சூட்சுமம் வேணும். விட்டால் ஒரு பள்ளிக்கூடத்து ஆக்கள் எல்லாரும் ஒரு வட்டமாய்க் குந்தி, அதிபரைப் பற்றி ஊர்க்கதை கதைச்சிட்டு எழும்பிப் போவினம். அதைச் சொந்தப் பள்ளிக்கூடத்து ஓய்வறையிலையே செய்யலாம், இவ்வளவு தூரம் வரத் தேவையில்லை. என்ரை மருமோன் ஒராள் வெளிநாட்டிலை படிப்பிக்கிறான். அங்கத்தை ஆசிரியர் மாநாட்டிலை ஒரு தாள் தொங்குமாம். விரும்பினவை பேர் எழுதுவினமாம். முன்பின் தெரியாத எட்டுப் பேர் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போய், ஒரு மேசையிலை இருந்து, அவரவர் காசை அவரவர் குடுத்திட்டு வருவினமாம். கடைசிப் பகுதி எங்களுக்குச் சரிவராது. எங்கடை ஆக்கள் காசு மேசையிலை ‘நான் குடுக்கிறன், நீ குடுக்காதை’ எண்டு கைகலப்பு வரைக்கும் போய், பிறகு வீட்டை வந்து ‘அவன் பேசாமல் நிண்டிட்டான்’ எண்டு மனிசியிட்டைச் சொல்லுவினம். முதல் பகுதியை எடுங்கோ. சீட்டுக் குலுக்குங்கோ. மன்னார் மாஸ்ரருக்குப் பக்கத்திலை முல்லைத்தீவு ரீச்சர். அவைக்கு நடுவிலை எங்கடை ஊர்த் தாய் தேப்பன் ரண்டு பேர், ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை. பிள்ளை எதுக்கெண்டால், மீன் முள்ளு எடுக்கத் தெரியாத மாஸ்ரர்மார் சில பேர் வருவினம். பிள்ளை எடுத்துக் காட்டட்டும். தமிழ்ப் பாடத்திலை நாப்பதுக்குப் பன்ரண்டு எடுக்கிற கிராஞ்சிப் பொடியன், ஒரு நண்டை எத்தினை துண்டாய் எப்பிடிக் கழட்டிறான் எண்டதையும் நீங்கள் ஒருக்காப் பாக்கத்தான் வேணும்.

நாள் குறிக்கேக்கையும் கவனம். வெள்ளிக்கிழமை வையாதேங்கோ, அரைவாசிப் பேர் மச்சம் தொடமாட்டினம். பறுவம் பாத்து லீவு எண்டு வைச்சால் இறைச்சிக்கடை பூட்டு. கூழுக்கு இறைச்சி தேவையில்லை எண்டாலும் ஒருத்தர் கட்டாயம் கோழி கேப்பார். சைவக்காரருக்குத் தனிக் கிடாரம், தனி அகப்பை. தனி எண்டால் உண்மையிலேயே தனி. ‘நண்டை எடுத்திட்டுத் தாறன்’ எண்டு சொல்லுறவனைச் சமையல் பக்கம் விடாதேங்கோ. நாச்சிக்குடாப் பக்கத்து முஸ்லிம் ஆக்கள் வந்தால் அவையிட்டையே கேட்டு அவைக்கு ஏத்த மாதிரிச் செய்யுங்கோ. கூழ் ஒத்துவராத வயித்துக்காரருக்கு மொட்டைக்கறுப்பன் மாப் புட்டு இருக்கட்டும். மானத்தைப் பாத்து விதைச்ச எங்கடை வயல் நெல்லு அது. பூநகரி மொட்டைக்கறுப்பன் எண்டு யாழ்ப்பாணத்துக் கடையிலை தேடி வாங்குறியள், அது விளையிற வயலை பஸ் யன்னலாலை பாத்துக்கொண்டு போறியள். பாத்தது எது எண்டு தெரியாமல்.

கள்ளு விசயமும் வரும். ஒருதரும் கள்ளு எண்டு கேக்கமாட்டினம். “ஐயா, இந்தப் பக்கம் கருப்பநீர் கிடைக்குமோ?” எண்டு, சுகாதார பாடம் எடுக்கிற மாஸ்ரர்தான் முதல்லை கேப்பார். கேட்டால் மாநாட்டுக் குழு காது கேளாத மாதிரி இருக்கவேணும். பிள்ளையள் இருக்கிற இடத்திலை வேண்டாம், அவ்வளவுதான் என்ரை கதை. மற்றது, பனைக்குப் பின்னாலை ஒளிக்கிற வண்டி இப்ப ஒருதருக்கும் இல்லை. எல்லாம் ரண்டு பக்கத்தாலையும் தெரியும்.

சாப்பிட்டு முடிய ‘கலை நிகழ்ச்சி’ எண்டு திரும்ப மைக்கைக் கட்டாதேங்கோ. சங்கீதக் கதிரை ஓடவிட்டு, அம்பது வயசு அதிபர் கதிரையோடை விழுந்து, அடுத்த நாள் அமர்வுக்கு நொண்டிக்கொண்டு வந்த கதை எனக்குத் தெரியும். எங்கடை பக்கத்திலை காத்தவராயன் கூத்துத் தெரிஞ்ச ஆக்கள் இருக்கினம். ரண்டு பாட்டுப் படிக்கச் சொல்லுங்கோ. பாடுறவனிலை ஒருதன் உங்களிட்டை எட்டாம் வகுப்போடை நிண்டவனாய் இருப்பான். அவனுக்கு விடிய விடியப் பாட்டு மனப்பாடம். உங்களிட்டை மட்டும் ஏன் ஒண்டும் மனசிலை நிக்கேல்லை எண்டு கேக்கப்படாது, விருந்துக்கு வந்த இடத்திலை.

இதெல்லாம் சொல்லி முடியப் பொழுதுபட்டிட்டுது. மாஸ்ரர் மணிக்கூட்டைப் பாத்தார். பிறகு றோட்டைப் பாத்தார். பிறகு என்னைப் பாத்தார்.

“பஸ் போட்டுது, மாஸ்ரர்” எண்டன்.

“நீங்கள் வேணுமெண்டுதான்…” எண்டு தொடங்கினவர், குசினிக்குள்ளையிருந்து வந்த மணத்திலை மிச்சத்தை விழுங்கிப்போட்டார். மனிசி புட்டு இறக்கிற மணம். பக்கத்து அடுப்பிலை நண்டு. அடுப்பை எப்ப மூட்டினவள் எண்டு எனக்குத் தெரியாது, ஆனால் அவளும் இந்த ஊர்க்காரிதானே.

வீட்டுக்குப் போன் எடுத்துச் சொன்னார். என்ரை பேரனுக்கும் எனக்கும் நடுவிலை பாயிலை இருந்தார். முதல்லை கரண்டி தேடினார், பிறகு விட்டிட்டார். பேரன்தான் நண்டுக் காலை எங்கை கடிக்கவேணும் எண்டு காட்டிக் குடுத்தான். வகுப்பிலை வாய் திறக்காத பொடியன், அண்டைக்கு மாஸ்ரருக்கு விளங்கப்படுத்தினதை நான் பாத்துக்கொண்டிருந்தன். “இவன் இவ்வளவு கதைப்பானோ?” எண்டு மாஸ்ரர் என்னட்டைக் கேட்டார். நாலு வருசத்துக்குப் பிறகு கேட்டார். ரண்டாந்தரமும் புட்டு வாங்கினார், மூண்டாந்தரத்துக்கு மனிசியே கேளாமல் போட்டாள். ராத் திண்ணையிலை படுத்தார். நுளம்பு கடிச்சது உண்மை, அதை மறைக்கேல்லை. அடுத்தநாள் மணி அடிக்க முதல் பள்ளிக்கூடத்துக்குள்ளை நிண்ட ஒரே மாஸ்ரர் அவர்தான் எண்டு காவலாளி வந்து எனக்குச் சொன்னவன்.

விருந்து உலாவை வெட்டிப்போட்டு ‘கௌதாரிமுனையில் கூழ்’ எண்டு தாளிலை எழுதியிருக்கிறார். மேலிடம் என்ன சொல்லுமோ தெரியாது. வாறவை எத்தினை பேர், அதிலை சைவம் எத்தினை எண்டு முதல்நாள் காலமைக்குள்ளை எனக்குச் சொல்லிவிடுங்கோ. மாவை ஊறவைக்கவேணும், பிளாவுக்கு ஓலை வெட்டவேணும்.